கடைக்கு முன் கொப்பி
(மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டதும் யாழ்ப்பாணத்தில் சாமான் தட்டுப்பட்டது, விலை ஏறியது. அந்த மண்ணின் பழைய உணவு ஒடியற்கூழ். ஒடியல் மா, முருங்கையிலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, கிடைத்த மீன் எல்லாம் ஒரே பானையில் வேகும். கூழ் காய்ச்சுபவர் கடையைப் பார்க்குமுன் வளவைப் பார்ப்பார்.

நாமும் அப்படிச் செய்யலாம். ஞாயிறு மாலை, வீட்டில் இருப்பதையும் லயத்தைச் சுற்றி விளைந்த கீரை, மரவள்ளியையும் பார்த்து, ஏழு நாள் சமையலை ஒரு கொப்பியில் எழுதுங்கள். குறைவதை மட்டும் வாங்குங்கள். இரவே கடலையை ஊறப்போட்டால் விறகு மிச்சம். பிள்ளைகளின் பருப்பையும் முட்டையையும் குறைக்காதீர்கள். கடைசியில் சாப்பிடும் தாயின் பங்கையும் கணக்கில் சேருங்கள்.

வாங்கிய அளவையும் விலையையும் அதே கொப்பியில் குறியுங்கள். கடைக்காரரின் கடன் கொப்பியோடு ஒப்பிட உதவும்.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் கூடியிருந்தது. எந்தச் சிக்கனமும் அதை ஈடுசெய்யாது. ஆகவே சம்பளப் பேச்சுக்குப் போகும்போது உங்கள் கொப்பிகளும் வரட்டும். நம் அடுப்பின் கணக்கே நம் கோரிக்கைக்குச் சாட்சி.