யானை வந்தும் தெரியவில்லை



பிள்ளைகள் மனம் வாடக் காரணம் கைபேசியா, பெற்றோரா? எதிரணி அம்மையார் ஆஸ்திரேலியாவையே இங்கே இறக்குமதி செய்துவிட்டார்கள். 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று 2024-இல் அங்கே சட்டம் போட்டது உண்மைதான். ஆனால் அம்மா, அந்தச் சட்டம் அப்பனைக் கட்டுப்படுத்தாதே! (சிரிப்பு)

ஒன்றரை வயசுப் பிள்ளை கடைக்குப் போய்ப் போன் வாங்கிச்சா? சோறு இறங்கணும்னு நாமதான் கையில கொடுத்தோம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நம்ம வீட்டில் ஒரு இட்லி முடியவே ஒன்றரை மணி நேரம் ஆகுதே!

அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்த தாயிடம், கொஞ்ச நேரம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கச் சொன்னார். அடிக்கவில்லை, திட்டவில்லை. குழந்தை சிரித்துச் சிரித்துக் கூப்பிடுகிறது. பதில் இல்லை. முகம் வாடித் தலையைத் திருப்பிக்கொள்கிறது. அப்போது எந்தத் தாய் கையில் கைபேசி இருந்தது, நடுவர் அவர்களே? (கைதட்டல்)

ஊர்க்கதை எதற்கு? என் பேரன் இரண்டாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் பக்கத்தில் வந்து ஏதோ சொல்கிறான். நான் போனைப் பார்த்தபடி "ம்... ம்..." என்கிறேன். "தாத்தா, வீட்டுக்குள்ள யானை வந்துடுச்சு" என்றான். "சரிப்பா, செருப்பை வெளியே விட்டுட்டு வரச் சொல்லு" என்றேன். (சிரிப்பு) நான் பார்த்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? குழந்தை வளர்ப்பைப் பற்றி நானே பேசிய பட்டிமன்றம்!

சிரிச்சுட்டோம். ஆனால் யானைக்கு முன்னால் என்ன சொன்னான்? கேட்டேன். "ஒண்ணுமில்ல தாத்தா" என்று பாட்டி போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாளிலிருந்து ராத்திரி ஏழரைக்கு வீட்டுப் போன் நாலும் அரிசி டிரம் மேலே போயின. முதலில் என்னுடையது. பையன் இரண்டு நாள் முணுமுணுத்தான், அவ்வளவுதான். நான்தான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்கு நாலு நடை நடந்தேன். உட்கார வைத்து அறிவுரை எல்லாம் சொல்லவில்லை. புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடினோம்.

பத்தாம் நாள், குழியைப் பார்த்தபடியே சொன்னான்: "வேன்ல யாரும் என் பக்கத்துல உக்கார மாட்டேங்கிறாங்க."

"எப்பலேர்ந்துடா?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து."

அன்றைக்குப் பொங்கல் முடிந்து நாலு நாள்.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய் அவன் ஆசிரியையைப் பார்த்தேன். மீதியைச் சொல்ல நேரமில்லை, நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.