தலைக்காயம் ஆறிய பின்



புக்கிட் தெங்கா, பிறை வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு நம் பிள்ளைகள் பலர் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குச் செல்கின்றனர். விபத்தில் தலை அடிபட்டவன் உயிர் பிழைத்து வீடு திரும்பினால், கடவுள் காப்பாற்றினார் என்று நிம்மதி அடைகிறோம். தையலும் பிரித்தாயிற்று, நடக்கிறான், சாப்பிடுகிறான். ஆனால், சொன்னதை மறக்கிறான்; அற்பக் காரியத்துக்கும் சீறுகிறான்; தொடங்கிய வேலையைப் பாதியில் விடுகிறான். உடனே வீட்டாரே அவனுக்குச் ‘சோம்பேறி’ என்று பட்டம் சூட்டிவிடுகின்றனர்.

இது சோம்பலன்று, காயத்தின் விளைவாக இருக்கலாம். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி, திட்டமிடவும் கோபத்தை அடக்கவும் துணை செய்கிறது. 1848-ல் அமெரிக்காவில் ஃபினியஸ் கேஜ் என்னும் ரயில்பாதைத் தொழிலாளியின் தலையை இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. அவர் பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆயினும் அவர் குணம் மாறிவிட்டதை நண்பர்கள் கண்டனர்.

இத்தகைய மாற்றத்தை அளந்தறிய உளவியல் சோதனைகள் உள்ளன. சில எண்களைக் கூறி, பின்னிருந்து முன்னாகச் சொல்லச் செய்வார்கள். சொற்கள் சிலவற்றைக் கேட்கச் செய்து, அரைமணி கழித்து நினைவுகூரச் சொல்வார்கள். பள்ளித் தேர்வைப்போல் இதில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. எது குறைந்தது, எது எஞ்சியுள்ளது என்று காண்பதே நோக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் மட்டும் படித்தவரைப் பட்டதாரியோடு ஒப்பிடலாகாது. சரளமாக வராத மொழியில் சோதித்தால், மொழிக்குறையே மூளைக்குறையாகத் தோன்றும். பெங்களூரில் 1974-ல் உருவான நிம்ஹான்ஸ் நிலையம், வயது, கல்வி ஆகியவற்றுக்கு ஏற்றவாறு சோதனை அளவுகளை வகுத்தது இதனால்தான். ஆகவே, நோயாளிக்கு எந்த மொழி நன்கு வரும், எதுவரை படித்தார் என்பதை மருத்துவமனையில் தயங்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சை என்பது மருந்து மட்டுமன்று. அன்றாட வேலைகளைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கப் பழக்குதல், ஒரு நேரத்தில் ஒரே வேலையைக் கொடுத்தல், சாவியையும் மருந்தையும் ஒரே இடத்தில் வைத்தல், களைப்புக்கு முன்பே ஓய்வு தருதல், இவை யாவும் சிகிச்சையே. சினம் எழும்போது வாதாடாமல், சத்தமில்லாத இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சொக்சோவில் சந்தா செலுத்தும் தொழிலாளி வேலைக்குச் செல்லும் வழியில் விபத்துக்குள்ளானால், அதற்கும் பாதுகாப்பு உண்டு. அதன் மறுவாழ்வு மையம் 2014-ல் மலாக்காவில் திறக்கப்பட்டது. மறதி, கோபம் ஆகியவற்றையும் மருத்துவரிடம் கூறிப் பதியச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத காயத்தை நாம் சொன்னால்தான் பிறர் அறிவர்.