வாய் சொல்லும் அடி

தோழர்களே, இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்று திருப்புட்குழியைச் சொல்வார்கள். வாயால் சொல்லி, காதால் வாங்கிய படிப்பு அது. அதற்குக் கல்வி என்று பெயர். பறையடியும் வாய்வழியாகத்தான் நம்மிடம் வந்தது. ஆசான் முதலில் வாயால் சொல்வார். சொல் பிடிபட்ட பிறகே கையில் குச்சி. இதற்கு மட்டும் சாதித்தொழில் என்று பெயர்!

மிருதங்கச் சொற்கள் கொன்னக்கோலாக மேடையேறின. மன்னார்குடி பக்கிரியா பிள்ளையின் பெயர் நிலைத்தது. அந்தக் கலையோடு நமக்குப் பகையில்லை. கருவியில்லாமல் பாடும் நம் குழுக்களுக்கு நாமும் 'தகிட' மூன்று, 'தகதிமி' நான்கு, சேர்த்தால் ஏழு என்றுதான் தொடங்குகிறோம். கால்நடை நிற்கக் கூடாது. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக் கூடாது. அடுத்தது பறையடி. ஒரு பாதி அடிக்குச்சியின் கனத்தை, மறுபாதி சிம்புக்குச்சியின் சன்னத்தைக் குரலில் பிடிக்க வேண்டும்.

சாவடி என்றதும் பிள்ளைகள் தயங்குகிறார்கள். கட்டாயச் சாவுப்பறையை மறுத்தது நம் போராட்டம். அந்தத் தாளத்தையும் ஏன் இழக்க வேண்டும்? ஆசான்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்லும் அடிகளைக் கைப்பேசியில் பதிந்து வாருங்கள், அவர்கள் பெயரோடு.