பன் புதருக்குள் ஒரு குருகு



கல்முனைக் கரையின் அமைப்பை நீங்கள் அறிவீர்கள். கிழக்கே கடல், மேற்கே வயலும் சதுப்பும், நடுவில் ஊர். காலையில் கரைவாகு வட்டையை நோக்கி நடந்தால், கடலில் எழுந்த சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பான். எதிரே நிற்கும் பறவை மீது வெளிச்சம் நேராக விழும். படம் பிடிக்க இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதே சூரியன் நமது நிழலையும் நீட்டி முன்னே அனுப்பிவிடுகிறான். நாம் போய்ச் சேருமுன் நிழல் போய்ச் சேர்ந்து பறவையைக் கலைத்துவிடுகிறது. மாலையில் நிழல் பின்னால் விழும். ஆனால் அப்போது பறவைக்குப் பின்னால் சூரியனும் மின்னும் நீரும். படத்தில் கறுப்பு உருவம் மட்டுமே மிஞ்சும்.

எஞ்சுவது, சுபஹு பாங்குக்குப் பின், சூரியன் எழுமுன் உள்ள சிறிது நேரம். நிழல் இல்லை; கூச்சமுள்ள பறவைகளும் வெளியே வரும். ஆனால் வெளிச்சம் போதாது. ஒரு செக்கனில் 15இல் ஒரு பங்கு நேரம் கமராவின் கண்ணைத் திறந்து வைக்கவேண்டும். அதற்குள் பறவை தலையைத் திருப்பினால் படம் கலங்கிவிடும். போதாததற்கு ஒளிமானி வேறு ஏமாற்றும். எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே அது கணக்கெடுக்கும். வெள்ளைக் கொக்கைச் சாம்பலாக்கும். நீர் பளிச்சிட்டால் கானாங்கோழியைக் கரியாக்கும். அதன் கணக்கை நாம்தான் திருத்தவேண்டும்.

இவற்றுள் மஞ்சள் குருகு ஒரு தனிப் பிறவி. ஆபத்தென்று கண்டால் அது பறப்பதில்லை. அலகை வானத்துக்கு நிமிர்த்தி, கழுத்தை நீட்டி அப்படியே நின்றுவிடும். மார்புக் கோடுகள் பன் தண்டுகளோடு கலந்துவிடும். குறைந்த வெளிச்சத்தில் படமெடுப்பவனுக்கு இதைவிட வாய்ப்பில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: நமக்குத் தெளிவாகக் கிடைப்பது அதன் அச்சத்தின் படம்.

பிலிம் கமராக் காலத்தில் ஒருநாள், பன் புதருக்குள் அதன் கூட்டைக் கண்டேன். இரண்டு தண்டுகள் குறுக்கே நின்று மறைத்தன. வளைத்துவிடக் கை நீட்டினேன். வயற்காவலுக்கு நின்ற முதியவர் தடுத்தார்.

“மனே, கை வெக்காத. அதான் அதுக்குக் கூரை. காகம் கண்டா முடிஞ்சிது.”

கையை எடுத்துவிட்டேன். கிடைத்தது கலங்கிய ஒரு படம். பன் கோடுகளுக்கிடையே ஒரு கண் மட்டும் தெரியும்.

இங்கிலாந்தில் சதுப்புகளை வடித்தும் வேட்டையாடியும் பெருங்குருகை இல்லாமற் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின் அது அங்கே குஞ்சு பொரித்ததாகத் தடயமில்லை. 1911இல் நோபோக் சதுப்பில் எம்மா டேர்னர் என்ற பெண்மணி ஒரு குருகுக் குஞ்சைப் படமெடுத்தார். அந்தப் பறவை திரும்பி வந்துவிட்டது என்பதற்கு அந்தப் படமே சாட்சியானது. நம் மொழியில் இப்படிக் காத்திருந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே காட்டு விலங்குகளைக் காட்டியவர், தமிழிலும் எழுதியவர்.

எனது கலங்கிய படத்துக்கும் பின்னர் ஒரு பொருள் வந்தது. கூடு இருந்த இடத்தில் இப்போது கிறவல் கொட்டி மதில் கட்டியிருக்கிறார்கள். குறை சொல்லவும் நாக்கு எழவில்லை. கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் ஊர் இது. பிள்ளைகளுக்கு வீடு வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் கடலோரத்தில் குடியிருக்கவும் பலருக்கு மனம் வரவில்லை. ஆனால் மார்கழி மழைநீர் தங்கி நின்ற பள்ளமும் அதுதான். பள்ளத்தை நிரப்பினால் நீர் வேறிடம் தேடும். அது நம் வாசலாகவும் இருக்கலாம்.

குறுந்தொகையிலே கபிலர் பாடிய தலைவிக்கு, அவனோடு கூடிய நாளில் ஓடும் நீரில் ஆரல் மீன் பார்த்து நின்ற குருகைத் தவிர வேறு சாட்சியில்லை. அன்று மனிதருக்குக் குருகு சாட்சி. இன்று ஒரு குருகு இங்கே வாழ்ந்தது என்பதற்கு என் மேசை இலாச்சியில் கிடக்கும் ஒரு கலங்கிய படம் சாட்சி.

மிஞ்சியிருக்கும் பன் புதர்களில் இன்னும் குருகுகள் உண்டு. விடியுமுன் ஒருநாள் போய்ப் பாருங்கள். கமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தண்டுகளை மட்டும் வளைக்காதீர்கள்.