நம்பத் தகுந்த வன்தட்டு எது?



புதிதாகக் கணினி வாங்கச் செல்பவர்கள் கடையில் கேட்கும் கேள்விகள் நமக்குத் தெரிந்தவைதாம். விலை என்ன, திரை எத்தனை அங்குலம், தவணையில் கொடுப்பீர்களா என்று கேட்பார்கள். உள்ளே இருக்கும் வன்தட்டு எத்தகையது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. 'ஹார்ட் டிஸ்க்' என்று கடையில் சொல்கிறோமே, அதுதான் வன்தட்டு. கணினியின் வேறு எந்த உறுப்பு பழுதானாலும் காசு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். வன்தட்டு பழுதானால் அதில் நாம் சேர்த்து வைத்தவையும் போய்விடும். அவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். 2014ஆம் ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளிக்குப் பெற்றோர்கள் பணம் திரட்டி ஒரு கணினி வாங்கிக் கொடுத்தார்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. "நல்ல பிராண்டு சார், பயமே வேண்டாம்" என்றார் கடைக்காரர். நானும் பயப்படவில்லை. அந்த ஆண்டு பள்ளி விழாவுக்காகத் தோட்டத்துப் பெரியவர்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து அதில் சேர்த்தேன். பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி, தம் தாயார் பாடிய தாலாட்டை எனக்காகப் பாடினார். 2015ஆம் ஆண்டு இறுதியில் ஒரு நாள் கணினியிலிருந்து 'டிக், டிக்' என்று ஓசை வந்தது. மறுநாள் அது எழும்பவே இல்லை. உத்தரவாதக் காலம் முடியாததால் கடையில் புதிய வன்தட்டு கொடுத்தார்கள். அது வெறுமையாக இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அந்தப் பாட்டி காலமாகியிருந்தார். அவருடைய மகன் பள்ளிக்கு வந்து, "சார், அம்மா பாடினது உங்ககிட்ட இருக்கும்ல? ஒரு காப்பி கொடுங்க சார்" என்று கேட்டபோது நான் தலைகுனிந்து நின்றேன்.

ஆகவே, நம்பத் தகுந்த வன்தட்டு எது என்று இன்று நாம் சேர்ந்து சிந்திப்போம்.

முதலில் அதன் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். இன்று கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்று, சுழலும் தட்டு உடைய பழைய வகை. காந்தப் பூச்சுப் பூசிய வட்டத் தகடுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். எழுதுவதும் படிப்பதுமான சிறு முனை, தகட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைந்த உயரத்தில் மிதந்து செல்லும். பால்மரம் வெட்டுகிறவரின் கத்தியை நினைத்துப் பாருங்கள். பட்டையைச் சீவ வேண்டும்; உள்ளே மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. கை சற்றுத் தவறினாலும் மரத்தில் காயம் விழும். இங்கேயும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் அதிர்ச்சி ஏற்பட்டால் முனை தகட்டைக் கீறிவிடலாம்.

மற்றது, எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகை. இதில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. சில்லுகளில் செய்தி பதிகிறது. வேகம் அதிகம், கீழே விழுந்தாலும் தாங்கும் தன்மை அதிகம். உலகமே இதன் பக்கம் சாய்ந்துவிட்டதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தன் வன்தட்டுத் தொழிற்சாலையை மூடப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2018ஆம் ஆண்டு அறிவித்தது. சுழலும் தட்டுகளுக்குத் தேவை குறைந்ததே அதற்குக் காரணம்.

எஸ்.எஸ்.டி.க்கும் ஆயுள் உண்டு. எழுத எழுத அதன் சில்லுகள் தேயும். எவ்வளவு எழுதலாம் என்பதை 'டி.பி.டபிள்யூ.' என்ற எண்ணால் குறிப்பிடுகிறார்கள். ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றில் அந்த எண் 600 என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20 கிகாபைட் எழுதினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7.3 டெராபைட் ஆகும். அப்படியானால் அந்த அளவை எட்ட 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சாதாரணக் குடும்பம் தேய்மானத்தை எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் தேயாமலும் கெட்டுப்போகலாம். உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒரு நாள் திடீரென்று செயலிழந்தால், 'டிக், டிக்' என்ற எச்சரிக்கைகூட இருக்காது.

அடுத்து, பெட்டியிலும் விளம்பரத்திலும் காணும் ஓர் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வன்தட்டுகளுக்குச் சராசரி ஆயுள் பத்து லட்சம் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. வகுத்துப் பார்த்தால் 114 ஆண்டுகள் வரும். அப்படியானால் பேரன் காலம் வரை ஓடுமா? ஓடாது. ஆயிரம் தட்டுகளை ஓராண்டு இடைவிடாமல் ஓட்டினால் ஏறக்குறைய ஒன்பது பழுதாகலாம் என்பதே அந்த எண்ணின் பொருள். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே பழுதாகின்றன. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பெரிய கணினி நிலையங்களில் ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு விழுக்காடு வரை தட்டுகளை மாற்றுவது சாதாரணம் என்று கண்டார்கள். நூற்றுக்கு இரண்டுதானே என்று தோன்றும். அந்த இரண்டில் ஒன்று நம் வீட்டுத் தட்டாக இருந்தால் நமக்கு அது நூற்றுக்கு நூறு.

"எந்த பிராண்டு நல்லது?" என்ற கேள்விக்கும் விடை கூற வேண்டும். இன்று சுழலும் வன்தட்டு செய்யும் பெரிய நிறுவனங்கள் மூன்றே மூன்று: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம், தன்னிடம் ஓடும் ஆயிரக்கணக்கான தட்டுகளின் பழுதுக் கணக்கை 2013ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டு வருகிறது. அதைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒரே நிறுவனத்தின் ஒரு மாடல் நன்றாக உழைக்கிறது; அதே நிறுவனத்தின் இன்னொரு மாடல் அடிக்கடி பழுதாகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை அல்லவா? ஆகவே பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு விசாரியுங்கள்.

இனி, கடைக்குச் செல்லும்போது மனத்தில் கொள்ள வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கணினி இயங்குவதற்கு எஸ்.எஸ்.டி.யையே கேளுங்கள். படங்கள், ஒளிப்பதிவுகள் போன்றவற்றை ஏராளமாகச் சேர்த்து வைக்க வேண்டுமானால் சுழலும் தட்டு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். எஸ்.எஸ்.டி.யை மின்சாரமே இல்லாமல் பல ஆண்டுகள் பெட்டியில் பூட்டி வைப்பது நல்லதன்று.

இரண்டாவது, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டு என்று பலவகை உண்டு. விலையில் சிறிது வேறுபாடுதான் என்றால் ஐந்தாண்டு உள்ளதை வாங்குங்கள். உத்தரவாதத்தைக் கொடுப்பது தயாரித்த நிறுவனமா, கடைக்காரரா என்பதையும் கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, நம்ப முடியாத மலிவு விலையைக் கண்டு மயங்காதீர்கள். பதினாறு டெராபைட் எஸ்.எஸ்.டி. என்று சொல்லி இணையத்தில் சில பத்து ரிங்கிட்டுக்கு விற்கப்படுபவை போலிகள். உள்ளே சிறிய நினைவகச் சில்லு ஒன்றே இருக்கும்; பெரிய கொள்ளளவு இருப்பதாகக் கணினியை ஏமாற்றும். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் அழிந்து போகும். ஆனால் ஒரு டெராபைட் தட்டு கணினியில் 931 என்று காட்டினால் அது மோசடியன்று. இருவகைக் கணக்கு முறைகளின் வேறுபாடே அது.

நான்காவது, தட்டின் உடல்நிலையை அவ்வப்போது பார்த்து வாருங்கள். 'ஸ்மார்ட்' என்ற தற்சோதனை வசதி தட்டுக்குள்ளேயே இருக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். குறை காட்டினால் அன்றே நகல் எடுத்துவிடுங்கள். குறை காட்டவில்லை என்பதற்காக அயர்ந்துவிடாதீர்கள். கூகுள் நிறுவனத்தார் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பழுதான தட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இத்தகைய முன்னறிவிப்பு எதையுமே காட்டவில்லை.

ஐந்தாவது, இடியும் மின்னலும் மிகுந்த நாடு நமது. மின்சாரம் அடிக்கடி நின்று வரும் இடங்களில் உள்ளவர்கள் யூ.பி.எஸ். ஒன்றையும் சேர்த்து வாங்குவது நல்லது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

இத்தனையும் பார்த்து வாங்கினால் நம்பத் தகுந்த வன்தட்டு கிடைத்துவிடுமா? நேயர்களே, நல்ல தட்டு கிடைக்கும். ஆனால் நம்பிவிடத்தக்க தட்டு என்று தனியாக ஒன்று உலகில் இல்லை. உத்தரவாதம் தட்டைத் திருப்பித் தரும். தாலாட்டைத் திருப்பித் தராது. கையில் உள்ள பணத்தில் ஒரு பெரிய தட்டு வாங்குவதா, இரண்டு சிறிய தட்டுகள் வாங்குவதா என்ற கேள்வி வந்தால், இரண்டை வாங்குங்கள் என்பதே என் விடை. ஒன்று கணினியில் இருக்கட்டும். மற்றொன்றில் வாரந்தோறும் நகல் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வேறோர் இடத்தில் வையுங்கள். மிக முக்கியமானவற்றை இணையச் சேமிப்பகத்திலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள்.

அண்மையில் எங்கள் பள்ளிக்கு மீண்டும் ஒரு கணினி வாங்கினோம். "எதுக்கு சார் ரெண்டு? ஒண்ணு பத்தாதா?" என்று கூட்டத்தில் ஒரு தந்தை கேட்டார். கேட்டது நியாயம், அது அவர்கள் உழைத்த பணம். நடந்ததைச் சொன்னேன். மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்கள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் நகல் எடுத்து, அந்த இரண்டாவது தட்டைத் தலைமையாசிரியர் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார்.

அந்தப் பாட்டியின் மகளுக்குத் தாலாட்டில் சில அடிகள் மட்டும் நினைவிருந்தன. அவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தோம். முழுப் பாட்டு இனிக் கிடைக்காது. கிடைத்த அந்தச் சில அடிகள் இன்று மூன்று இடங்களில் இருக்கின்றன.

உங்கள் வீட்டுக் கணினியில் ஒரே ஒரு பிரதியாக இருப்பவை எவை என்று இன்றிரவு ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.