தகரப்பெட்டியில் ஒரு வெள்ளி ரூபாய்



ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், பழங்குடும்பங்கள் சிலவற்றின் லயத்துக் காம்பராவில் பாட்டி காலத்துத் தகரப்பெட்டி ஒன்று இருக்கும். அதன் அடியில் துணி முடிச்சு. முடிச்சுக்குள் மன்னர் தலை பொறித்த வெள்ளி ரூபாய். அது இலங்கைக் காசன்று, இந்தியக் காசு. இலங்கை மலையில் உழைத்தவர் பெட்டிக்குள் இந்தியக் காசு எவ்வாறு வந்தது?

கடல் கடந்து வந்தபோது மடியில் முடிந்து வந்ததாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. 1872ஆம் ஆண்டில் இலங்கையில் ரூபாய்–சதக் கணக்கு நடைமுறைக்கு வந்தபோது, இந்திய வெள்ளி ரூபாயே இந்நாட்டின் ரூபாயாகவும் விளங்கிற்று. சதக் காசுகள் இலங்கைக்கெனத் தனியே அடிக்கப்பட்டன. ஒரு ரூபாய் நாணயமோ 1957ஆம் ஆண்டு புத்த ஜயந்தி வரையில் தனியே அடிக்கப்படவில்லை. ஆகவே கொழுந்து பறித்த கூலியாகவே அவ்வெள்ளி கைக்கு வந்திருக்கலாம்.

அதனை இனங்காண்பது எங்ஙனம்? முதலில் ஆண்டைப் பாருங்கள். ஆனால் ஆண்டும் சில வேளை ஏமாற்றும். விக்டோரியா அரசியாரின் 1862ஆம் ஆண்டு ரூபாய், அதே ஆண்டு பொறிப்புடன் 1874 வரையில் அடிக்கப்பட்டது. பின்புறத்துச் சிறு புள்ளிகளை எண்ணியே அவற்றை வகைப்படுத்துகின்றனர். 1877 முதல் ‘அரசி’ என்பது ‘பேரரசி’ என மாறிற்று.

பிழை என்பதற்குப் புகழ்பெற்ற சான்று 1911ஆம் ஆண்டு ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் வரைந்த யானைக்குத் துதிக்கை குறுகிப் போயிற்று; பார்த்தவர்க்குப் பன்றியாகத் தோன்றிற்று. எதிர்ப்பு எழவே, மறு ஆண்டிலேயே உருவம் திருத்தப்பட்டது. ‘பன்றி ரூபாய்’ என்று அதனை இன்றும் தேடுவோர் உளர். இது வரைந்தவர் பிழை. அடிக்கும்போது நேரும் பிழை வேறு. தகடு விலகி நின்றால் உருவம் ஒருபுறம் ஒதுங்கிவிடும். விளிம்பில் பிறைபோல் குறைந்த காசு கிடைத்தால், அக்குறைக்கு நேர் எதிர்ப்புற விளிம்பைப் பாருங்கள். அங்கே விளிம்பு மழுங்கியிருப்பின் அது சாலையிலேயே நேர்ந்த பிழையாக இருக்கலாம். கூர்மையாக இருப்பின் பின்னர் எவரோ வெட்டியதோ என ஐயுறுக.

இனிப் போலிகள். பழைய ரூபாயின் எடை ஒரு தோலா, அஃதாவது ஏறத்தாழ 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தேய்ந்த காசு சிறிது குறையலாம்; மிகக் குறைந்தாலும் மிகுந்தாலும் ஐயமே. வார்த்தெடுத்த போலியில் மணல்போன்ற சொரசொரப்பும், விளிம்பில் அரம் பட்ட தடமும் காணலாம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஆனால் 1947ஆம் ஆண்டு ரூபாய் ஒட்டுமே என்று அஞ்சவேண்டா. அது நிக்கலால் ஆனது. 1940ஆம் ஆண்டு முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டபோது, கள்ள நாணயத்தைத் தடுக்க விளிம்பில் தனிப்பள்ளம் வெட்டி அடித்தார்கள். அரிதான 1939ஆம் ஆண்டு ரூபாய்க்கோ போலிகள் மிகுதி. ஒரே சோதனையை நம்பி முடிவு கட்டலாகாது.

காசுமாலைக்கென வளையம் பற்றவைத்த ரூபாயைச் சேகரிப்போர் பழுதென்று ஒதுக்குவர். எனக்கோ அவ்வளையமே பெரிது. வங்கிப் புத்தகம் அறியாத ஒரு தாய் தன் சேமிப்பைக் கழுத்தில் அணிந்ததன் அடையாளம் அன்றோ அது!

1870ஆம் ஆண்டிட்ட இலங்கைச் செப்புச் சதத்தையும் எடுத்துப் பாருங்கள். மரத்தின் அருகே சிங்களத்தோடு தமிழெழுத்தும் நிற்கும். காசிலே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால், அக்காசை ஈட்டியவரின் மக்களிற் பெரும்பாலார் குடியுரிமை அற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. எஞ்சியோர் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் காத்திருக்க நேர்ந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாத வீடுகளிலும் காசு இருந்தது. அது சட்டத்தின் முன் சான்றாகாது. எனினும் ஒரு குடும்பம் இம்மலையில் உழைத்துண்டது என்பதை அது மறப்பதில்லை.

ஆகவே, நேயர்களே, வெள்ளி விலைக்கு எடைபோட்டுக் கொடுக்குமுன் ஒரு நாள் பொறுங்கள். புளியோ சாம்பலோ இட்டுத் துலக்காதீர்கள்; துலக்கினால் மதிப்புக் குறையும். ஒரு தாளில், இது எந்தத் தோட்டத்தில், எவர் கையில் இருந்தது என்று மூத்தோரைக் கேட்டு எழுதிக் காசுடன் வையுங்கள். கேட்கவேண்டியதை அம்மாயி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். உருக்கிய வெள்ளியில் ஆண்டும் இராது; ஆளும் இரார்.