பால் சுரக்கிறது, பிள்ளை எங்கே?

(மாதனூரில் ஆற்றிய உரை)



தாய்ப்பாலின் பெருமையைப் பாட நான் இங்கே வரவில்லை. மாதனூர்த் தாய்க்கு அதை மேடை போட்டுச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளை பிறந்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் வழக்கம் சில வீடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பாட்டிமாரிடம் நயமாகப் பேசித் திருத்திக்கொள்ளலாம். நான் கேட்க வந்தது வேறு. பால் சுரக்கிறது, அதைப் பருக வேண்டிய பிள்ளை எங்கே இருக்கிறது?

பொழுது விடிந்ததும் ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளின் வண்டிகள் நம் சிற்றூர்களுக்கு வருகின்றன. தோல் தைக்கவும், பசை ஒட்டவும், ஓரம் மடிக்கவும் நம் பெண்கள் ஏறிச் செல்கிறார்கள். பிள்ளையோ ஊரிலே, பாட்டியின் மடியிலே! நண்பகலில் இங்கே குழந்தை வீறிட்டு அழும். அங்கே தையல் இயந்திரத்தின் முன்னே தாயின் ரவிக்கை நனையும். மார்பு கட்டிக்கொண்டு வலி தாளாமல், கழிப்பறைக்குச் சென்று பாலைப் பீய்ச்சிவிட்டு வந்து மீண்டும் தைக்க உட்கார்ந்ததாக ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். எந்த ஆலை என்று நான் கேட்கவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்துக்குள்ளேயே நாளுக்கு இருமுறை, அரைமணி நேரம் வீதம் தரவேண்டும் என்றது. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு இடைவேளை என்று எழுதியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரலாம் என்றும் சேர்த்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இடம்பெற்றுள்ளன.

ஏட்டிலே இனிக்கிறது. கணக்கைப் பாருங்கள். 26 வாரத்தில் எட்டைப் பேறுகாலத்துக்கு முன்பே எடுத்துவிட்டால், எஞ்சுவது 18. நான்கு மாதமும் சில நாள்களும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், வேறெதுவும் வேண்டா என்கிறது உலக நல நிறுவனம். இடையே உள்ள இரண்டு மாதத்துக்கு யார் பொறுப்பு? இரண்டு இடைவேளை உண்டே என்பார்கள். பிள்ளை ஊரில் இருக்க, தாய் ஆலையில் இருக்க, அந்த இடைவேளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காப்பகம் இல்லாத இடத்தில் பாலூட்டும் இடைவேளை என்பது வெறும் காகிதம்!

காப்பகம் என்று பெயர்ப்பலகை மாட்டினாலும் போதாது. நெரிசலான வண்டியில் கைக்குழந்தையைத் தூக்கிச் செல்ல எந்தத் தாய் துணிவாள்? பசை நெடி அடிக்கும் கூடத்தின் பக்கத்தில் தொட்டில் கட்ட எவள் ஒப்புவாள்? வண்டியில் இடமும், தூய அறையும், பயிற்சி பெற்ற ஆயாவும் சேர்ந்ததே காப்பகம்.

பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும், சப்பாவிட்டால் வற்றும். வற்றியதும் புட்டிப்பால் டப்பா வீட்டுக்குள் நுழையும். 1939இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், குழந்தைகளுக்கு ஏற்றதென்று சொல்லி இனிப்பூட்டிய கெட்டிப்பால் விற்றவர்களைக் கண்டித்து உரையாற்றினார். அந்த உரைக்கு அவர் இட்ட தலைப்பு, ‘பாலும் கொலையும்’! நம் நாட்டிலும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் பால்மாவு விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடுத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் விளம்பரம் செய்த வேலையை இன்று ஆலைச் சங்கு செய்கிறதே!

செலவு கட்டாது என்பார் முதலாளிமார். ஈ.எஸ்.ஐ.யில் பதிவான பெண்ணுக்கு விடுப்புக்காலப் பணத்தைத் தருவது அந்தக் கழகம்; இரு தரப்பும் கட்டிய சந்தாவிலிருந்து வருவது அது. அவர்கள் தரவேண்டியது ஓர் அறை, ஓர் ஆயா, கொஞ்சம் நேரம். வீட்டுத் திண்ணையில் ஜோடிக் கணக்கில் கூலிக்குத் தைக்கும் பெண்ணுக்கோ விடுப்பும் இல்லை, சந்தாவும் இல்லை. பிள்ளை அருகிலிருக்கிறது என்பது மட்டுமே அவள் பெற்ற பேறு. அவளுக்காக வேறொரு நாள் விரிவாகப் பேச வேண்டும்.

தோழர்களே, நாளை வண்டி வரும் தெருமுனையில் நில்லுங்கள். கைக்குழந்தை உள்ள தாய்மார் எத்தனை பேர், அவர்கள் செல்லும் ஆலையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், காப்பகம் உண்டா, இடைவேளை தருகிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். பெண் தோழர்கள் கேட்கட்டும். ஆண்கள் ஏட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்கட்டும். அடுத்த ஞாயிறு அந்த ஏடுகளோடு இதே இடத்தில் கூடுவோம். தொழிற்சாலை ஆய்வாளருக்கான மனுவை அன்றே எழுதுவோம்.